கொத்துரொட்டிக்கு ஒரு நடுக்கள வீரன்

என் மகனை விற்பதா வேண்டாமா என்று டென்மார்க்கின் சில்க்போர்க்கில் இரண்டு மாதம் விவாதம் நடந்தது. பெற்றவள் நான் அதே ஊரில்தான் இருந்தேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

மகனின் பெயர் ஜெனிஸ்ரன். வயது இருபத்தாறு. மின்சார வேலை படித்தவன். எங்கள் ஊர்த் தமிழர்களின் இளந்தென்றல் விளையாட்டுக் கழகத்துக்கு நடுக்களத்தில் உதைபந்து விளையாடுகிறவன். கழகத்தின் தலைவர் வேறு யாருமல்ல, என் கணவர் ஞானரட்ணம். இளந்தென்றல் என்று பெயர் வைத்த காலத்தில் அவர்கள் எல்லாரும் இளைஞர்கள்தான். இப்போது தென்றல்களுக்கெல்லாம் வயிறு வைத்துவிட்டது. பிள்ளைகள் ஓட, தகப்பன்மார் மடக்குக் கதிரையில் இருந்து கத்துகிறார்கள்.

தை மாதம் ஜெனிஸ்ரனுக்கு ஹொல்ஸ்டெப்ரோவில் நல்ல வேலை கிடைத்தது. அங்கேயே வீடெடுத்துப் போய்விட்டான். காரில் ஒரு மணித்தியாலத் தூரம். வேலை முடிந்த களைப்போடு, பனியோ மழையோ, பயிற்சிக்கு இங்கே ஓடிவந்துவிட்டுத் திரும்ப ஓடுவான். இதைக் கேள்விப்பட்ட ஹொல்ஸ்டெப்ரோத் தமிழ்க் கழகத்தின் தலைவர் ஆனந்தராஜா, பிள்ளையை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டார். தமிழ்க் கழகங்கள் எல்லாம் சேர்ந்து கோடையில் மூன்று சுற்றுப்போட்டி வைப்பார்கள். அதன் விதிப்படி, பழைய கழகம் சம்மதித்தால்தான் ஒருவர் வேறு கழகத்துக்கு மாறலாம். காசு கைமாறக் கூடாது. காசே இல்லாத இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான் விற்பனை. தொலைக்காட்சியில் பெரிய பெரிய கழகங்களைப் பார்த்துப் பார்த்து வந்த வியாதி அது.

விற்கவேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் குணசேகரம். பந்தைக் காலால் தொட்ட மனிதரல்ல. ஆனால் விளையாட்டைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். உச்சத்தில் இருக்கும்போதே விற்றுவிட வேண்டும், இருபத்தாறுக்குப் பிறகு முழங்கால் சொல்வழி கேட்காது, இப்போது கொடுத்தால் பதிலுக்கு இரண்டு நல்ல தடுப்பாட்டக்காரரை வாங்கலாம் என்பது அவருடைய வாதம். விற்கக்கூடாது என்ற கட்சிக்குத் தலைவர் என் வீட்டுக்காரர். இவன் போனால் பந்து பின்னாலிருந்து முன்னுக்குப் போகாது, நடுக்களம் வெறும் வயல் ஆகிவிடும் என்பார்.

தமிழ்ப் பூசை முடிந்து பாதர் வாசலில் நிற்கும்போதே தொடங்கிவிடுவார்கள். ஒரு சாமத்தியவீட்டில், பெரியபிள்ளையான சடங்கில், பெண்பிள்ளையை மேடைக்கு அழைத்துவரும் நேரம், பின்மேசையில் இருந்து "விக்கத்தான் வேணும்" என்று ஒரு குரல் வந்தது. பெண்ணின் தாய் திடுக்கிட்டுப் போனாள். இன்னொரு நாள் கடையில் கோழி வாங்கிக்கொண்டு நிற்கிறேன், இரண்டு பேர் எனக்கு முன்னால் என் மகனின் இடக்காலைப் பற்றிக் கதைக்கிறார்கள். வலக்கால் திறமாம், இடக்கால் கொஞ்சம் பலவீனமாம். அந்த இடக்காலுக்கு அவன் குழந்தையாக இருக்கும்போது நான் எத்தனை நாள் எண்ணெய் பூசி நீவியிருப்பேன். எனக்கு வந்த கோபத்தில் கோழியை வாங்காமலே வந்துவிட்டேன்.

இதிலே எனக்கென்ன கருத்து என்று கேட்டிருந்தால், உண்மையில் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ஏனென்றால் என் மகன் நல்ல ஆட்டக்காரனா, கூடாத ஆட்டக்காரனா என்று எனக்குத் தெரியாது. அவன் விளையாடி ஒரு முழு ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

சிறு வயதில் டெனிஷ் பிள்ளைகளோடு விளையாடிய காலத்தில் ஆட்டம் சனிக்கிழமைகளில். சனிக்கிழமை எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தகப்பன்தான் கூட்டிக்கொண்டு போவார். பிறகு தமிழ்க் கழகம். சுற்றுப்போட்டி நாட்களில் ஒவ்வொரு கழகமும் ஒரு சாப்பாட்டுக் கடை போடும். எங்கள் கடைக்குப் பொறுப்பு நானும் யோகம்மாவும். ரோல்ஸ் பொரித்து, வடை சுட்டு, கொத்துரொட்டியும் போடுவோம். டென்மார்க்கில் காற்றுக்குப் பஞ்சமில்லை. அடுப்பு அணைந்துவிடும் என்று கூடாரத்தின் மைதானத்துப் பக்கம் தறப்பாள் இழுத்துக் கட்டிவிடுவார்கள். நாங்கள் தறப்பாளுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் வெட்டுவோம். அந்தப் பக்கம் கூட்டம் கத்தும். யார் அடித்தது என்று யோகம்மா கேட்பாள். யாருக்குத் தெரியும் என்பேன் நான். யோகம்மாவின் மகன் யதுர்சனும் எங்கள் கழகத்தில் பின்னால் நின்று தடுக்கிறவன். அவளும் அவன் ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் தகப்பனும் மகனும் மேசையில் இருந்து முழு ஆட்டத்தையும் மறுபடி விளையாடுவார்கள். உப்புப் போத்தல் ஒரு வீரன், ஊறுகாய்ப் போத்தல் இன்னொருவன். நான் சோறு போட்டபடி கேட்டுக்கொண்டு நிற்பேன். ஊறுகாய் எந்தப் பக்கம் என்றுகூட எனக்கு விளங்காது. ஒருநாள், ஒரேயொரு நாள், தொடக்கத்திலிருந்து கடைசிவரை அவன் விளையாடுவதை இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஆனால் கொத்துப் போட வேறு ஆள் இல்லை.

வேறு ஆள் ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்தான்.

றொஜிதன் என்று பெயர். ஆனந்தராஜாவின் மனைவியின் தம்பி. கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை. சுற்றுப்போட்டி அன்று மட்டும் அவன் ராசா. அகலமான இரும்புத் தட்டைக் கொதிக்க வைத்து, இரண்டு கைத்தகடுகளையும் எடுத்து அவன் தட்டத் தொடங்கினால், மைதானத்தின் மற்றக் கரையில் நிற்கிறவனுக்கும் பசிக்கும். நாங்கள் போட்டது சட்டிக்குள் அகப்பையால் கிண்டிய கொத்து. அதை எங்கள் ஆம்பிளைகள் உப்புமா என்று சொல்வார்கள், எனக்குக் கேட்காது என்ற நினைப்பில்.

சித்திரை மாதம் கழகத்தின் பொதுக்கூட்டம். அதற்கு முதல் நாள் ஜெனிஸ்ரனுக்குத் தொலைபேசி எடுத்து, உனக்கு எங்கே விளையாட விருப்பம் என்று கேட்டேன். இரண்டு மாதத்தில் அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நான்தான். தனக்கு ஹொல்ஸ்டெப்ரோ லேசு என்று டெனிஷில் சொன்னான். பிறகு தமிழுக்கு மாறி, "அப்பா கோவிப்பார்" என்றான். அவர் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு யோகம்மாவுக்கு அடித்தேன். யோகம்மா மற்றப் பெண்களுக்கு அடித்தாள்.

எங்கள் கழகத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. தொடங்கிய காலத்தில், அங்கத்தவர் தொகையைப் பார்த்துத்தான் கொமூன, அதாவது நகரசபை, மண்டபமும் உதவியும் தரும் என்று சொன்னார்கள். ஆம்பிளைகள் மட்டும் என்றால் தொகை காணாது. ஆகவே மனைவி, மாமி, மச்சாள் என்று எல்லாரையும் அங்கத்தவர் ஆக்கினார்கள். கழக விதிப்படி அங்கத்தவர் எவருக்கும் ஆளுக்கொரு வாக்கு. ஆனால் வாக்கெடுப்பு நடக்கும் நேரமெல்லாம் நாங்கள் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றோம். அதனால் அந்த விதி இருப்பதை எல்லாரும் மறந்துபோனார்கள்.

கூட்டத்துக்கு ஆனந்தராஜா நேரில் வந்தார். கேக் பெட்டியும் ஒரு கூடை பழமும் கொண்டுவந்து என் கணவருக்கு முன்னால் வைத்தார். சம்பந்தம் பேச வந்தவர் போலவே சபையைப் பார்த்துக் கும்பிட்டார். பிள்ளையை எங்கள் வீட்டுப் பிள்ளைபோல வைத்துக்கொள்வோம் என்றார். இரண்டு தடுப்பாட்டக்காரரைத் தருவதாகச் சொன்னார். குணசேகரம் அந்த இருவரின் வயது, எடை, பழைய காயங்களை விசாரித்தார். சாதகம் ஒன்றைத்தான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து, நடுக்களம் இல்லாத கழகம் கழகமே அல்ல என்று நீண்ட உரை ஆற்றினார். சபை இரண்டாகப் பிரிந்து கத்தியது. கடைசியில் வாக்கெடுப்பு என்றார்கள்.

நான் தேநீர் அடுப்பை நிற்பாட்டினேன். பெண்கள் எல்லாரும் குசினியை விட்டு வெளியே வந்து சுவர் ஓரமாக நின்றோம். தேநீர் வருகிறது என்று நினைத்துச் சிலர் கையை நீட்டினார்கள்.

"ஆனந்தராஜா அண்ணை," என்றேன். "அந்த ரெண்டு பேரையும் நீங்களே வைச்சிருங்கோ. றொஜிதனைத் தாறீங்களோ?"

மண்டபம் சிரித்தது. குணசேகரம் கண்ணைத் துடைத்துவிட்டு, தங்கச்சி, இது புட்போல் விசயம் என்றார். அந்தத் தங்கச்சியில் இருந்த இளக்காரம் எனக்குப் பிடிக்கவில்லை.

"குணசேகரம் அண்ணை, போன வருசம் ஒடென்சேப் போட்டியில உடுப்பு மாத்திற அறைக்குப் பின்னால நிண்டு எந்தக் கடைக் கொத்துச் சாப்பிட்டனீங்கள்?"

அவருடைய மனைவி எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கடையில் விற்காமல் திரும்பிய வடைகளை ஒரு கிழமை வீட்டில் சாப்பிட்டவள். குணசேகரத்தைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவர்களும், அதே அறைக்குப் பின்னால் தாங்களும் நின்றது ஞாபகம் வந்து அடங்கினார்கள். தலைவரையும் கேட்கலாம், அவருடைய சட்டையைத் தோய்க்கிறவள் நான்தான் என்றேன். என் கணவர் முன்னால் இருந்த பழக்கூடையை மிகக் கவனமாகப் பார்த்தார்.

பிறகு நான் சொன்னதெல்லாம் சாதாரண நியாயம். கழகத்துக்குப் பந்தும் உடுப்பும் பேருந்தும் கடையால்தான் வருகின்றன. எங்கள் ஆதரவாளர்களே எதிரியின் வரிசையில் நிற்கும்போது எங்கள் கடை எப்படி ஓடும். றொஜிதன் வேலையை விடவேண்டாம், வீடு மாறவேண்டாம், மூன்று நாள் எங்கள் கூடாரத்தில் நின்றால் போதும். இவ்வளவும் சொன்னேன். தறப்பாளைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆனந்தராஜா யோசித்தார். எத்தனையோ வருடமாகக் கிண்ணத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துவரும் மனிதர். மச்சானைப் பிரிவதில் அவருக்கு எவ்வளவு வேதனை என்று முகத்தில் தேடினேன். அவ்வளவாக இல்லை. ஓம், தரலாம் என்றார். றொஜிதனையும் ஒருவரும் கேட்கவில்லை.

கைகள் உயர்ந்தன. குணசேகரத்தின் கட்சியோடு பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டோம். கைகளை எண்ண வேண்டியவர் தலைவர். என் கை வந்ததும் அவர் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு எண்ணிவிட்டு, தீர்மானம் நிறைவேறியது என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில், றோட்டைப் பார்த்தபடி என் கணவர் சொன்னார்:

"என்ர பிள்ளையைக் கொத்துக்கு வித்துப்போட்டீர்."

எனக்குச் சுட்டது. காரணத்தைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும். வந்து பார்த்திருக்கலாமே, யார் மறித்தது என்பார். யாரும் மறிக்கவில்லைதான். வெங்காயம் மறித்தது. இதை எப்படி ஒரு ஆம்பிளைக்கு விளங்கப்படுத்துவது? அதன்பிறகு பல கிழமை, சாப்பாடு, சாவி, குப்பை ஆகிய விஷயங்களில் மட்டும் என்னோடு கதைத்தார். மகன் மட்டும் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தான். தன்னைக் கோழிக்கொத்துக்கு விற்றதா, முட்டைக்கொத்துக்கு விற்றதா என்று கேட்டான்.

ஆனி மாதம் ஒடென்சேயில் முதல் சுற்றுப்போட்டி. காலையில் றொஜிதன் தன் இரும்புத் தட்டோடு எங்கள் கூடாரத்துக்கு வந்தான். வாட்டசாட்டமான ஆள், குரல் மட்டும் பூனைக்குட்டி.

"அக்கா, நீங்களோ என்னை வாங்கினது?"

"ஓம் தம்பி. விலை கூடத்தான்."

அவனுக்கு அது பெருமையாக இருந்தது. மச்சான் ஒருநாளும் தனக்கு விலை சொன்னதில்லை என்றான். ரோல்ஸ் பொரிக்க மற்றப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். தட்டல் தொடங்கியதும் வரிசை மைதானத்தின் மூலைவரை நீண்டது. ஹொல்ஸ்டெப்ரோ ஆட்கள் தங்கள் கூடாரத்தில் யாரோ சட்டியில் கிண்டிய கொத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, தலையைக் குனிந்தபடி எங்கள் வரிசைக்கு வந்தார்கள். குணசேகரம் இப்போது பகிரங்கமாக நின்று சாப்பிட்டார்.

பின்னேரம் அரையிறுதி. எங்களோடு மோதுவது ஹொல்ஸ்டெப்ரோ. நானும் யோகம்மாவும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு கதிரையோடு போனோம். இடம் இருந்தது தலைவருக்குப் பக்கத்தில்தான். போய் இருந்தேன். அவர் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். இருந்த பிறகு கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்டவும் கிண்டவும் ஒன்றுமில்லாமல் அவை மடியில் கிடந்தன.

ஆட்டம் தொடங்கியது. நடுக்கள வீரன் என்றால் நடுவில் நிற்பான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவன் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பின்னால் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தான், முன்னால் நிற்பவனுக்குக் கொடுத்தான், அவன் தொலைத்துவிட்டு நிற்க, இவனே திரும்ப ஓடிப்போய்ப் பறித்தான். ஒருவன் கோபப்பட்டால் தோளில் தட்டினான். எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தான். வாங்கியவன் எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. அட, இது நான் பெற்ற பிள்ளைதான் என்று நினைத்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை வருடம் இதையா தறப்பாளுக்குப் பின்னால் விட்டேன் என்று அழுகையும் வந்தது.

இரண்டாம் பாதியிலும் இரு பக்கமும் கோல் இல்லை. அப்போது யதுர்சன் ஓடிவந்து என் பிள்ளையின் காலோடு விழுந்தான். ஜெனிஸ்ரன் உருண்டுபோய்க் கிடந்தான். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"டேய் யதுர்சன், உனக்குச் சோறு தீத்தினவள் நான். அவன்ர கால விடடா."

மைதானம் முழுவதும் என்னைப் பார்த்தது. யதுர்சன் எழுந்து நின்று, சொறி அன்ரி என்று மன்னிப்புக் கேட்டான். பந்தைத்தான் அடிச்சவன் என்று யோகம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து சீறினாள். பந்து அங்கே கிடக்கிறது, கால் இங்கே கிடக்கிறது என்றேன் நான். எங்கள் சிநேகிதத்தில் முதல் சண்டை அது. மூன்று கதிரை தள்ளி இருந்த குணசேகரம், தலைவரின் மனைவி எதிரிக்கு ஆதரவா என்று சத்தமாகக் கேட்டார்.

"இரும் செலின்," என்றார் என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். நான்தான் இவ்வளவு வருசமும் பாக்கேல்லை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்கள் கூடாரத்தைப் பார்த்தார். தறப்பாளின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் றொஜிதன் தட்டிக்கொண்டிருந்தான். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். தள்ளிப் போட்ட கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டார்.

ஜெனிஸ்ரன் எழுந்து காலை உதறினான். நொண்டவில்லை, அந்தோனியாருக்குத் தோத்திரம். சிறிது நேரத்தில் பந்து அவனிடம் வந்தது. எங்கள் ஆட்கள் மூன்று பேர் அவனைச் சூழ்ந்தார்கள். அவன் தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தான். பந்தை அவர்களுடைய கால்களுக்கு நடுவால், ஒருவருமே இல்லாத ஒரு இடத்துக்கு அனுப்பினான். வீணாகப் போகிறது என்று நினைத்தேன். எங்கிருந்தோ ஒரு ஹொல்ஸ்டெப்ரோப் பொடியன் அந்த இடத்துக்கு ஓடிவந்து அதைக் கோலுக்குள் தட்டிவிட்டான். ஜெனிஸ்ரன் அந்தப் பந்தை அனுப்பியது இடக்காலால். அதை நான் நன்றாகவே கவனித்தேன்.

ஹொல்ஸ்டெப்ரோக் கரை துள்ளியது. எங்கள் கரையில் மூச்சில்லை. அங்கே கை தட்டியது நான் ஒருத்திதான். என் கணவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கழகம் தோற்கப்போகிறது; தலைவர் அவர். கை தட்டுவதை நிறுத்தினேன். அவருக்காக மனம் வருந்தியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து, தலையில் இருந்து கையை எடுக்காமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்:

"அந்தப் பாஸ் பாத்தனீரோ?"

"பாத்தன்," என்றேன்.

அவர் கண் மைதானத்தில்தான் இருந்தது. நானும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, அதையும் நான் பார்க்க வேண்டும்.